பத்தாவது கேள்வி

காசிராஜன் அண்ணாச்சியின் அறைக்குள் நுழைகிறவர்கள் அவரைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க நிற்கிற கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட வேண்டும். பார்க்காவிட்டால் அவர் விடமாட்டார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிடுவார். அப்படியும் கண் போகவில்லையென்றால், "அங்க ஒரு தூசி தட்டணும் போலருக்கே" என்று தானே எழுந்துபோய்த் துடைப்பார். அலமாரியில் முப்பத்தோரு கேடயங்கள் இருந்தன. சிறந்த வரி செலுத்துநர், ரத்ததான ஊக்குநர், கோயில் கொடைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த கொடைவள்ளல் என்று வகைவகையாக இருக்கும். கடைசித் தட்டில் ஒரு வெள்ளிக் கோப்பை. அது அவர் வாங்கியதல்ல, அவருடைய நாய் கண்காட்சியில் வாங்கியது. வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறதே என்று அதையும் வைத்துவிட்டார்.

இத்தனை இருந்தும் அவருக்கு நிம்மதி கிடையாது. காரணம், மைத்துனர் பாண்டிதுரை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நூல் ஆலை வைத்திருக்கும் பாண்டிதுரைக்குப் போன வருடம் 'பசுமைத் தொழில் செம்மல்' என்று ஒரு விருது கிடைத்துவிட்டது. அதன் பிறகு கல்யாண வீடுகளெல்லாம் காசிராஜனுக்குக் கசந்தன. மைக் பிடிக்கிறவன் மைத்துனரைச் 'செம்மல்' என்று கூப்பிடுவான். இவரை 'மற்றும் உறவினர்கள்' என்பான். வீட்டுக்கு வந்தால் மனைவி பரிபூரணம், "எங்க அண்ணன் காரு பின்கண்ணாடியிலயும் 'செம்மல்'னு ஒட்டியாச்சு, பாத்தீயளா?" என்று கேட்பாள். தன் பெயரில்தான் கம்பெனி ஓடுகிறது என்ற நன்றிகூட இல்லாமல் கேட்பாள்.

கம்பெனியின் பெயர் பரிபூரணா சர்ஜிகல்ஸ். ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகிற வழியில் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் கட்டுப் போடுகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்து, வேகவைத்து, வெளுத்து, சுருட்டி, பெட்டியில் அடைத்து வெளியே போகும். துணி வெளுக்க வெளுக்க, வெளுத்த தண்ணீரும் பின்பக்கமாக வெளியே போகும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது காசிராஜனுக்குத் தெரியாது. ஹெப்சிபாவுக்குத் தெரியும். அவள் வீட்டுக்குத்தான் போகிறது.

ஹெப்சிபா ஆறு வருடமாக அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறாள். டைப் அடிப்பது, பில் போடுவது, வருகிற கடிதத்துக்குப் பதில் போடுவது, வராத கடிதத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் அவள்தான். ஓடை அவள் தெருவின் பின்னால் வளைந்து போகும். நாலு நாளைக்கு ஒரு தரம் அதில் வெள்ளை நுரை முழங்கால் உயரத்துக்குப் பொங்கி நிற்கும். தெருவே ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். அந்தத் தண்ணீரில் கால் பட்டால் பொரிந்துபோகும். அவள் அம்மா தங்கபாயின் கணுக்கால் ஒரு வருடமாகப் பொரிந்தும் ஆறியும் மறுபடி பொரிந்தும் கிடந்தது. தெருக்காரர்கள் கம்பெனிக்குப் பதினோரு மனு கொடுத்தார்கள். பதினொன்றும் ஹெப்சிபா மேசைக்குத்தான் வந்தன. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம், பரிசீலனையில் உள்ளது' என்று பதினோரு பதிலும் அவளே டைப் அடித்தாள். முதலாளி கையெழுத்துப் போட்டார். மனுவில் முதல் கையெழுத்து எப்போதும் தங்கபாயுடையது. சொந்த அம்மாவுக்கு 'அம்மையீர்' என்று கடிதம் எழுதிய மகள் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மதுரையிலிருந்து கூரியர் வந்தது. 'நிலைத்த வளர்ச்சிக்கான தொழில் தலைமை விருது' என்று தலைப்பு. நாலு பக்க விண்ணப்பம், முழுக்க ஆங்கிலம். விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று போட்டிருந்தது. மைத்துனரின் சொந்த ஊரில், மைத்துனரின் கண் முன்னால்! காசிராஜனுக்கு அன்று காலை இட்லிகூட இரண்டு அதிகமாக இறங்கியது.

"ஹெப்சி, படிச்சுச் சொல்லு. கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. ஆங்கிலம் படிக்க வேண்டிய நாட்களில் மட்டும் அது வீட்டில் இருக்கும்.

அவள் ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். பெண் தொழிலாளர்கள் எத்தனை பேர், மின்சாரம் எவ்வளவு மிச்சம், மரங்கள் எத்தனை.

"மரம் எம்புட்டு நிக்குது?"

"பதினேழு அண்ணாச்சி."

"அந்த முருங்கையச் சேத்தியா?"

"சேத்துத்தான் பதினேழு."

"அம்புட்டுத்தானா? செரி, இருபத்தஞ்சுன்னு போடு. விருது வாரதுக்குள்ள வளந்துரும்." அவள் பதினேழு என்றே எழுதினாள்.

ஒன்பது கேள்விகள் முடிந்தன. அன்று காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நுரை தெருவுக்குள்ளேயே ஏறி வந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் அவளைப் பார்த்து, "ஏட்டி, உங்க கம்பெனி வந்துருக்கு, வாங்கன்னு கேளு" என்று சிரித்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டாள். அந்த மௌனம்தான் அவளை ஆபீஸ் வரைக்கும் துரத்தியது. அதனால்தானோ என்னவோ, ஒன்பதோடு நிறுத்த வேண்டிய வாய் நிற்கவில்லை.

"பத்தாவது கேள்வி அண்ணாச்சி. கம்பெனியில இருந்து வெளிய போற தண்ணியில மீன் உயிரோட இருக்குதா?"

"மீனா?"

"ஆமா. மூணு மாசமாவது இருக்கணுமாம்."

வேலை போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அண்ணாச்சி மோவாயைச் சொறிந்தார்.

"என் மச்சான் மீன் வளத்தா வாங்குனான்?"

"அவிய ஆலையில தண்ணியே வெளிய போகாதே அண்ணாச்சி. நூல்தான போகுது."

"அப்ப இது அவனால முடியாத கேள்வி" என்றார் காசிராஜன். முகம் அகல்விளக்கு போல ஒளிர்ந்தது. "வாங்குறோம் மீன!"

மீன் பொறுப்பு வாட்ச்மேன் ராக்கப்பனிடம் வந்தது. கேட்டைத் திறப்பது, மூடுவது, கழிவுநீர் சுத்திகரிக்கிற பிளான்ட்டின் மோட்டாரைப் போடுவது எல்லாம் ஏற்கெனவே அவர் வேலை. அந்த மோட்டார் சோதனைக்கு யாராவது வருகிற நாளில் மட்டும் ஓடும். மற்ற நாட்களில் அதன்மேல் ராக்கப்பனின் வேட்டி காயும்.

முதல் நாள் அவர் ஒரு டிரம்மில் குடிதண்ணீர் நிரப்பி அதில் மீனை விட்டு, மாலை போட்டுப் படமும் எடுத்துவிட்டார். "கம்பெனித் தண்ணியிலதான் விடணும்னு போட்டிருக்கு" என்று ஹெப்சிபா சொல்ல வேண்டியதாயிற்று. பிளான்ட்டின் கடைசித் தொட்டியில் இருபது கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இருபதும் மல்லாந்துவிட்டன.

"கெண்ட வீக்கு அண்ணாச்சி" என்றார் ராக்கப்பன். "ஜிலேபி மீன விடுவோம். அது சாக்கடையிலயும் சந்தோசமா இருக்கும்."

ஜிலேபி மீன் சாயங்காலம் நாலு மணி வரை தாக்குப்பிடித்தது. காசிராஜன் தொட்டி ஓரத்தில் வெகுநேரம் நின்றார். "சாக்கடையில இருக்கும்னியே" என்றார். ராக்கப்பன் செத்த மீன்களைக் கூடையில் அள்ளினார். அண்ணாச்சி அன்று அலமாரியைத் துடைக்காமல் வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது முறை விட்ட மீன்கள் ஒரு வாரம் உயிரோடு இருந்தன. கம்பெனியே ஆச்சரியப்பட்டது. எட்டாம் நாள் அண்ணாச்சி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். விட்டது இருபது, இருந்தது இருபத்து மூன்று.

"ஏலே ராக்கப்பா, எப்படிலே கூடுச்சு?"

"குஞ்சு போட்டிருக்கும் அண்ணாச்சி."

"ஒரே வாரத்துல அப்பன் சைசுக்கா?"

செத்ததைத் தினமும் விடியற்காலையில் எடுத்துவிட்டுப் புதுசு வாங்கிப் போட்ட விஷயம் அப்போது வெளியே வந்தது. கணக்கில் கொஞ்சம் கைதவறிவிட்டது, அவ்வளவுதான். ராக்கப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"பிளான்ட் மோட்டார ஓட விட்டா பிழைக்குமோ என்னவோ அண்ணாச்சி" என்று ஹெப்சிபா மெதுவாகச் சொன்னாள்.

"ஏன், ஓடலையா?"

"யாராவது பாக்க வாரப்ப ஓடும். நீங்க சொன்னதுதான்."

சொன்னது தான்தான் என்பது அவருக்கும் ஞாபகம் வந்தது. கரண்ட் பில் ஞாபகம் வந்தது. கூடவே மைக்கில் 'மற்றும் உறவினர்கள்' என்ற குரலும் வந்தது. மூன்றாவது நாள் திருப்பூரிலிருந்து ஆட்கள் வந்து துருப்பிடித்த குழாய்களை மாற்றினார்கள். பொங்கலுக்கு முன்னால் மோட்டார் ராப்பகலாக ஓடத் தொடங்கியது. தொட்டியில் விட்ட ஜிலேபி மீன்கள் ஒரு நாள் இருந்தன, ஒரு வாரம் இருந்தன, ஒரு மாதமும் இருந்தன. பிறகு உண்மையிலேயே குஞ்சு போட்டன.

அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். காலையில் வந்ததும் அலமாரிக்குப் போகாமல் தொட்டிக்குப் போனார். கையில் பொரிப் பை இருக்கும். ஒற்றைக் கண்ணில் கரும்புள்ளி உள்ள ஒரு பெரிய மீனை "கணக்குப்பிள்ள" என்று கூப்பிடத் தொடங்கினார். அதுவும் வந்தது. பொரிக்குத்தான் வந்தது, ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஓடையில் நுரை நின்றுவிட்டது. தெருவில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. தங்கபாயின் கணுக்காலில் புதுத் தோல் வந்தது. "ஜெபத்துக்குப் பலன்" என்று அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாட்சி சொன்னாள். ஹெப்சிபா பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. பத்தாவது கேள்வியின் குட்டு எப்போது வெளிப்படுமோ என்ற பயம்தான் இருந்தது.

பயந்த மாதிரியே மார்ச் மாதத்தில் நடுவர் வந்தார். மதுரைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. மரத்தை எண்ணினார், விளக்கைப் பார்த்தார். எல்லாவற்றையும் அவசரமாகக் காட்டிவிட்டு அண்ணாச்சி அவரைக் கையைப் பிடிக்காத குறையாகத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இது மேடம், பத்தாவது கேள்வி!"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். கணக்குப்பிள்ளை வாயைத் திறந்து மூடியது.

"மீனா? எங்க விண்ணப்பத்துல ஒன்பது கேள்விதானே சார்? தண்ணியைப் பத்தி நாங்க கேக்கவே இல்லையே."

அண்ணாச்சி மெல்லத் திரும்பி, கூட வந்த ஹெப்சிபாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

காசிராஜன் தொண்டையைச் செருமினார். "கேட்டாத்தான் செய்யணுமா மேடம்?" என்றார். "நீங்க கேட்டது ஒம்பது. பத்தாவது எங்க மனசாட்சி கேட்டது."

நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருடமாகத் தொழிற்சாலைகளைப் பார்க்கிறேன், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன முதலாளியை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். அண்ணாச்சி அடக்கமாகத் தலை குனிந்தார். அந்த அடக்கத்துக்கே தனியாக ஒரு கேடயம் கொடுக்கலாம்.

கார் போனதும் அவர் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டார். அவளுக்கு எதிரிலேயே கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பதோடு விரல் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். அன்றிலிருந்து பதினெட்டு நாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால்கூட ஹெப்சிபா ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாள்.

விழா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இயற்கையைக் காப்பது பற்றிய விழா என்பதால் வாசலிலிருந்து மேடை வரைக்கும் பதினாறு பிளாஸ்டிக் பேனர்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மண்டபத்துக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஒன்று புகைந்துகொண்டே இருந்தது. சிக்கனம் பற்றி மூன்று பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர்களுக்கும் போர்த்தினார்கள். வெயில் காலத்தில் அத்தனை பேரும் போர்வையோடு உட்கார்ந்து பூமி சூடாவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

விருது காசிராஜனுக்குத்தான். முன்வரிசையில் இருந்த பாண்டிதுரை கைதட்டியே ஆக வேண்டியிருந்தது. பரிபூரணம் அண்ணன் பக்கம் திரும்பாமல் மேடையையே பார்த்தாள். அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, "கேட்டதைச் செய்கிறவன் முதலாளி. கேட்காததையும் செய்கிறவன் தலைவன்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் ஹெப்சிபாவும் தட்டினாள். ஆனால் அவள் மனசெல்லாம் ஒரே கேள்விதான். விருது வந்துவிட்டது, இனி மோட்டார் எதற்காக ஓட வேண்டும்?

திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். கம்பெனிக்குள்ளிருந்து தறிச் சத்தம் வந்தது. மோட்டார் சத்தம் வரவில்லை.

அவள் நேராக முதலாளி அறைக்குப் போனாள். அலமாரியின் நடுத்தட்டில் புது விருது உட்கார்ந்திருந்தது. மேசைமேல், அவர் மடித்து வைத்திருந்த விண்ணப்பம் விரிந்து கிடந்தது.

"ஒம்பதுதான் இருக்கு" என்றார் காசிராஜன்.

"ஆமா அண்ணாச்சி."

"என்னைய மூணு மாசம் மீன் வளக்க வச்சிருக்க. விழா முடியட்டும்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மோட்டார நிப்பாட்டச் சொல்லிட்டேன். உண்மையச் சொல்லு, எம் மச்சான்தான உனக்குச் சொல்லிக் குடுத்தான்? என்னைய ஊரு சிரிக்கப் பாக்கணும்னு?"

இத்தனை நாளும் அவர் யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான். ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது.

"அவியள நான் பாத்தது கூட இல்ல அண்ணாச்சி. நம்ம தண்ணி போற ஓட எங்க வீட்டுக்குப் பின்னாலதான் போகுது. எங்க அம்மா காலு..."

முடிப்பதற்குள் கதவு தடாலென்று திறந்தது. ராக்கப்பன் மூச்சு வாங்க நின்றார். "அண்ணாச்சி, மீனு அம்புட்டும் மேல வந்து வாயப் பொளக்குது! கணக்குப்பிள்ள சாஞ்சு நீந்துது!"

காசிராஜன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி அந்தக் கம்பெனி பார்த்ததில்லை. மோட்டார் ஸ்விட்சை அவரே போட்டார். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வந்துரும், வந்துரும், செத்த நேரம் பொறு" என்று மீனிடம் சொல்லிக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் காற்று கொப்பளித்தது. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. கடைசியில் கணக்குப்பிள்ளையும் நிமிர்ந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஹெப்சிபாவுக்கு அப்போது கோபம் வந்தது. ஆறு வருடக் கோபம்.

"மீனுக்கு ஓடி வந்துட்டீய அண்ணாச்சி. இந்தத் தண்ணி இத்தோட நிக்கல. இங்க இருந்து எங்க தெருவுக்குத்தான் வருது. அங்க நாப்பது வீடு இருக்கு. மனுசங்க இருக்கோம்."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பதினோரு மனு குடுத்தோம்."

"எனக்கா? எங்கிட்ட வரவே இல்லயே!"

"வந்துச்சு. பதினொண்ணுக்கும் பரிசீலனையில இருக்குன்னு நான் டைப் அடிச்சேன். நீங்க கையெழுத்துப் போட்டீய."

"மனுன்னா யாரு தாயி வாசிக்கா?" என்று அவர் சத்தம் போட்டார். "ஒரு விருது ஃபாரம்னு கொண்டாந்திருந்தா வாசிச்சிருப்பேன்ல!"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவர் நின்றுவிட்டார். ராக்கப்பன் வேறு பக்கம் பார்த்தார். அண்ணாச்சிக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிருந்தது. அந்த மனிதர் வெட்கப்பட்டு ஹெப்சிபா பார்த்தது அன்றைக்குத்தான்.

"ராக்கப்பா" என்றார். "இந்த மோட்டாரு இனிமே நிக்கக் கூடாது. நானே வந்து நிப்பாட்டுன்னு சொன்னாலும் நிக்கக் கூடாது."

"நீங்க சொல்லி நான் கேக்காம இருந்தா வேலைய விட்டுத் தூக்கிருவீய."

"தூக்க மாட்டேன்லே. இந்தப் பிள்ள சாட்சி." பிறகு அவளிடம் திரும்பினார். "உங்க தெருவுக்கு ஒரு லெட்டர் போடு."

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பரிசீலனையில் உள்ளதுன்னா அண்ணாச்சி?"

"ஏட்டி!" என்று அவர் கையை ஓங்கி, பாதியில் இறக்கி, சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை வெளியே எடுத்தார். "மோட்டாரு நிக்காதுன்னு போடு. அடிச்சுக் கொண்டா. இந்தத் தடவ வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."